வணக்கம் சொல்லாத எந்திரம்

அன்று அந்த ஹாலில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்காரரான ஓய்வுபெற்ற அதிகாரி இருந்தார். அவருடைய மனைவி பட்டுப்புடவையில் இருந்தார். ஃபரிதாபாத் பக்கம் பொறியியல் கல்லூரி நடத்தும் முதலாளி சோபாவின் நடுவில் இருந்தார். தமிழ்ச் சங்கம் ஒன்றின் செயலாளர் சால்வையை மடியில் வைத்துக்கொண்டு, யாருக்குப் போர்த்துவது என்று இன்னும் முடிவாகாத முகத்தோடு இருந்தார். அதிகாரியின் மகன் அமெரிக்காவில் இருந்தார். ஆனால் டீப்பாய் மேல் சாய்த்து வைத்த டேப்லெட்டில் அவர் முகம் தெரிந்ததால் அவரையும் வந்தவர்களோடு சேர்த்தே எண்ணினார்கள். அவருக்கு முன்னாலும் ஒரு தட்டில் பஜ்ஜி வைத்திருந்தார்கள். நானும் இருந்தேன், நின்றுகொண்டு. வராதவர் என் அம்மா. அவர் சுவருக்கு அந்தப் பக்கம், சமையலறையில், பஜ்ஜி போட்ட சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அதனால் அவர் வந்ததாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

இத்தனை பேரும் கூடியது ஒரு பழைய கம்ப்யூட்டர் வணக்கம் சொல்வதைப் பார்க்க. அது வணக்கம் சொன்னால் எனக்கு வேலை. விஷயம் அவ்வளவுதான்.

கல்லூரி முதலாளிக்குக் கம்ப்யூட்டர் வரலாற்றின் மீது திடீர்க் காதல் வந்ததற்குக் காரணம் உண்டு. கல்லூரிக்குத் தரச்சான்று கொடுக்க ஆய்வுக் குழு வரவிருந்தது. பாரம்பரியத்தைக் காட்டும் அறை ஒன்று இருந்தால் குழு மனம் குளிரும் என்று யாரோ அவர் காதில் போட்டிருந்தார்கள். கல்லூரி தொடங்குவதற்கு முன் அவர் நிலம் வாங்கி விற்றுக்கொண்டிருந்தவர்; பழைய சாமானுக்கும் மதிப்பு ஏறும் என்பது அவருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அறை தயார், கண்ணாடி அலமாரி தயார். உள்ளே வைக்கப் பழைய கம்ப்யூட்டரும், அதைத் துடைத்து, போட்டு, வருகிறவர்களுக்கு விளக்கிச் சொல்ல ஓர் ஆளும் வேண்டும். கம்ப்யூட்டர் அதிகாரியிடம் இருந்தது. ஆள் நான் என்று அதிகாரி வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தார்.

என் அம்மா அந்த வீட்டில் பாத்திரம் தேய்ப்பவர். நாங்கள் டெல்லியில் சாக்கடைக் கால்வாய் ஓரத்துத் தமிழர் குடிசைப் பகுதியான மதராசி கேம்ப்பில் இருந்தவரை அவருக்குப் பக்கத்து ஜங்புரா சுற்றுவட்டாரத்தில் பல வீடுகள் இருந்தன. எல்லாம் நடந்து போகிற தூரம். கேம்ப்பை இடித்த பிறகு எங்களுக்கு நரேலாவில் வீடு கொடுத்தார்கள். நரேலா டெல்லியில்தான் இருக்கிறது என்று காகிதம் சொல்கிறது. அங்கிருந்து பஸ், மெட்ரோ, மறுபடி பஸ் என்று வருவதற்குள் பாதி நாள் கழிந்துவிடும். அம்மா மற்ற வீடுகளை எல்லாம் விட்டுவிட்டார். அதிகாரி வீட்டை மட்டும் விடவில்லை. மாதம் ஆயிரத்து எண்ணூறு ரூபாய் தருகிற ஒரு வீட்டுப் பாத்திரத்துக்காக ஊரைக் குறுக்கே கடந்து போய் வந்தார்.

"அந்த ஐயா வாயத் தொறந்து ஒரு வார்த்த சொன்னா போதும்டா" என்பார். "பி.எஃப். புடிக்கிற வேலயாம். நம்ம பக்கம் யாருக்குடா பி.எஃப். புடிச்சிருக்கான்?"

அந்த இரண்டு எழுத்து அம்மாவைப் பிடித்து ஆட்டியது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். புசா ரோட்டில் உள்ள தமிழ்ப் பள்ளியில் படித்தேன், பிறகு பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ. சான்றிதழை அம்மா பிளாஸ்டிக் உறையில் போட்டு, அரிசி டின்னுக்கு மேல் வைத்திருந்தார். எலி அரிசியைத்தான் தேடும், காகிதத்தைத் தேடாது என்பது அவருடைய கணிப்பு. டிப்ளமோவை வைத்துக்கொண்டு நான் ஜங்புராவை ஒட்டிய போகல் கடைத்தெருவில் ஒரு மொபைல் ரிப்பேர் கடையில் பாதி நாள் உட்கார்ந்து உடைந்த சார்ஜிங் பின்களை மாற்றிக்கொண்டிருந்தேன்.

அதிகாரியும் வீடு இடிந்தவர்தான். வேலையில் இருந்த காலமெல்லாம் சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் இருந்திருக்கிறார். ஓய்வுக்குப் பிறகு ஜங்புராவில் சொந்த ஃப்ளாட்டுக்கு வந்துவிட்டார். பின்னால் அந்தக் குவார்ட்டர்ஸையும் இடித்துவிட்டார்கள். அதைப் பற்றிப் பேசும்போது அவருக்குக் குரல் தழுதழுக்கும். அந்தக் கட்டிடங்களுக்கு நடந்ததன் பெயர் மறுசீரமைப்பு. எங்களுக்கு நடந்ததன் பெயர் ஆக்கிரமிப்பு அகற்றம். புல்டோசருக்கு இந்த வித்தியாசம் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

கம்ப்யூட்டர் விஷயத்துக்கு வருகிறேன். சூட்கேஸ் அளவில் ஓர் இரும்புப் பெட்டி. அதிகாரி இளைஞராக இருந்தபோது அவருடைய இலாகாவுக்கு வந்தது. பின்னாளில் இலாகா அதைக் கழித்துக்கட்டி ஏலம் போட்டபோது அவரே எடுத்துவிட்டார். உள்ளே ஒரு பச்சை போர்டு. அதில் 8085 என்ற பிராசஸர், அதுதான் யோசிப்பது. பக்கத்தில் 8251 என்ற சீரியல் சிப். யோசித்ததை வெளியே சொல்வது அதன் வேலை. பிராசஸர் எட்டு பிட்டுகளை ஒரே சமயத்தில் தள்ளும். வெளியே போகிற கம்பியோ ஒன்று. சீரியல் சிப் அந்த எட்டையும் ஒன்றன் பின் ஒன்றாக வரிசையில் நிறுத்தி அனுப்புகிறது. டெல்லியில் வரிசை கலையாமல் நகர்ந்து நான் கேள்விப்பட்ட ஒரே கூட்டம் அந்த எட்டு பிட்டுகள்தான்.

அந்த வரிசைக்கு முன்னால் 'ஆரம்பிக்கிறேன்' என்று ஒரு பிட் போகும், பின்னால் 'முடித்துவிட்டேன்' என்று ஒரு பிட். இதை அதிகாரி எனக்கு விளக்கிய நாளில் பகல் சாப்பாட்டு நேரம் போய் மாலை காபி நேரமும் வந்துவிட்டது. அவரிடம் முதல் பிட் மட்டும் இருந்தது.

மூன்றாவதாக ஒரு சிப். கரண்ட் போனாலும் அதில் எழுதியது போகாது. அதன் முதுகில் பழைய கறுப்பு டேப் ஒன்று ஒட்டியிருந்தது. அதற்குள்தான் அதிகாரி தன் கைப்பட எழுதிய புரோகிராம் இருந்தது. எந்திரத்தைப் போட்டதும் சீரியல் கம்பி வழியாகத் திரையில் VANAKAM என்று வரும். டெல்லியில் முதன்முதலில் தமிழ் பேசிய கம்ப்யூட்டர் இதுதான் என்று அவர் சங்கத்துக் கூட்டங்களில் சொல்வார். அது பேசிய தமிழ் ஆங்கில எழுத்தில் இருந்தது, அதிலும் ஒரு K குறைந்தது. கேட்டால், அந்தக் காலத்தில் நினைவகம் விலை அதிகம், ஓர் எழுத்து மிச்சம் பிடித்தேன் என்பார். அரசாங்கத்துக்கு அவர் மிச்சம் பிடித்துக் கொடுத்ததாக அவரே சொல்லி நான் கேட்டது அந்த ஒரு K மட்டும்தான்.

டிப்ளமோவில் நான் 8085 படித்திருக்கிறேன். பார்த்ததில்லை. எங்கள் லேபில் அதற்கென்று ஒரு பயிற்சிப் பெட்டி இருந்தது. மாணவர்கள் தொட்டால் கெட்டுவிடும் என்று கண்ணாடி அலமாரியில் பூட்டி வைத்திருந்தார்கள். நாங்கள் அலமாரிக்கு முன்னால் நின்று, அதன் நாற்பது கால்களின் பெயரையும் மனப்பாடமாக ஒப்பித்துத் தேறினோம். எனவே அதிகாரி வீட்டுப் பெட்டியைத் திறந்து அந்தச் சிப்பை நேரில் பார்த்தபோது, போட்டோவில் மட்டும் பார்த்த சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது. என்ன பேசுவது என்று தெரியவில்லை.

முதலில் அது பேசவே மாட்டேன் என்றது. ஒரு முனையில் எந்திரம், மறு முனையில் லேப்டாப். இரண்டிலும் பேசுவதற்கு ஒரு கம்பி, கேட்பதற்கு ஒரு கம்பி. அதிகாரி பேசும் கம்பியைப் பேசும் கம்பியோடும், கேட்கும் கம்பியைக் கேட்கும் கம்பியோடும் இணைத்திருந்தார். அவர் இருந்த உலகத்தில் அண்டர் செக்ரட்டரி அண்டர் செக்ரட்டரிக்குத்தான் கடிதம் எழுதுவார். அந்தஸ்து பார்த்து இணைத்துவிட்டார். இரண்டு பக்கமும் ஒரே கம்பியில் பேசின, இரண்டு காதுகளும் இன்னொரு கம்பியில் ஒன்றையொன்று பார்த்து உட்கார்ந்திருந்தன. சங்கத்துப் பொதுக்குழு மாதிரி. பல நாள் கழித்து நான் கை தவறி மாற்றிச் சொருகினேன். திரையில் VANAKAM என்று வந்தது. கம்பியை மாற்றிப் போடச் சொன்னது தன் யோசனை என்று அதிகாரி அன்றைக்கே செயலாளருக்குப் போன் செய்து சொன்னார். நானும் மறுக்கவில்லை. வேலை கிடைக்கிறவரை எல்லா யோசனையும் அவருடையதுதான் என்று அம்மா எனக்குச் சொல்லி வைத்திருந்தார்.

இனி அந்தப் பெட்டி. கம்ப்யூட்டர் பெட்டி இல்லை, இன்னொரு பெட்டி. கொரோனா சமயத்தில் அதிகாரியின் மனைவி, அவரை அம்மையார் என்று சொல்கிறேன், கிருமியைக் கொல்கிற மின்சாரப் பெட்டி ஒன்று வாங்கியிருந்தார். மைக்ரோவேவ் மாதிரி இருக்கும். கதவை மூடினால் உள்ளே ஊதாவாக வெளிச்சம் எரியும், கொஞ்ச நேரத்தில் 'டிங்' என்று அணையும். நோட்டுக்கட்டு, பால் பாக்கெட், கொத்தமல்லி எல்லாம் அதற்குள் போய் வந்தன. கொரோனா போய்விட்டது. பெட்டி போகவில்லை. ஆனால் அதற்குள் போகிற சாமான்களின் வகை மட்டும் மெல்ல மெல்லக் குறைந்துவந்தது. பார்சலில் வருகிற பீட்சா நேரே மேஜைக்குப் போகும். செயலாளரின் சால்வை நேரே சோபாவுக்குப் போகும். பெட்டிக்குள் போவதற்குக் கடைசியில் மிஞ்சியது பால் பாக்கெட்டும், சம்பளம் வாங்கும்போது என் அம்மா மீதி திருப்பிக் கொடுக்கும் சில்லறை நோட்டும், நான் கொண்டு வருகிற சாமானும்தான். பால் பாக்கெட்டுக்கு ஒரு முறை. எனக்கு மூன்று முறை.

நான் முதல் தடவை வாசலில் ஸ்க்ரூ டிரைவர் டப்பாவைக் கொடுத்துவிட்டு அது வெந்து வருவதற்குக் காத்து நின்றபோது, அம்மையார் ரொம்பப் பிரியமாகவே சொன்னார்: "தப்பா எடுத்துக்காதே. வெளியிலேர்ந்து எது வந்தாலும் இதுல வெச்சுட்டுத்தான். இவர் வாக்கிங் போயிட்டு வந்தாக்கூட செருப்பை இதுல வெக்கணும்னு நெனச்சேன், கொள்ளலை."

நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அவருடைய அம்மா காலத்தில் வாசலிலேயே தண்ணீர் தெளித்திருப்பார்கள். இவர் விஞ்ஞானத்துக்கு மாறியிருக்கிறார். தண்ணீர் தெளித்தால் சண்டைக்குப் போகலாம். ஊதா வெளிச்சத்தோடு யார் சண்டை போடுவது? அதில் சாதி இல்லை, ஆரோக்கியம்தான் இருக்கிறது என்று பெட்டி மேலேயே போட்டிருக்கிறது.

நாள் குறித்தாயிற்று. முதலாளி வருகிறார் என்றதும் அதிகாரிக்கு ஒரு கவலை பிடித்துக்கொண்டது. சீரியல் கம்பி சொருகும் இடம் துருப்பிடித்து அசிங்கமாக இருக்கிறது, புதிதாகப் பளபளவென்று ஒன்று வைக்க வேண்டும் என்றார். சரி, வைக்கலாம். ஆனால் வீட்டுக்குள் சால்டரிங் செய்யக்கூடாது. ஈயப் புகை பூஜை அறைக்குப் போகும். எனவே நான் போர்டை மட்டும் கழற்றி, துணியில் சுற்றி, போகல் கடைக்குக் கொண்டுபோய்ப் பற்றவைத்தேன். கடைக்காரர் 'பையா, ஜல்தி' என்று கஸ்டமருக்கு இடம் கேட்டு விரட்டியதால், மீதி வேலையை நரேலாவுக்கு எடுத்துப்போய் முடித்தேன். மறுநாள் மெட்ரோவில், யாரும் இடித்துவிடக்கூடாது என்று குழந்தையைப் போல மார்போடு அணைத்துக் கொண்டுவந்தேன். எதிரே உட்கார்ந்திருந்த பெண்மணி எழுந்து எனக்கு இடம் கொடுத்தார்.

அம்மையார் வாசலில் வாங்கிக்கொண்டார். எப்படி வந்தாய் என்று கேட்டார். மெட்ரோவில் என்றேன். நரேலாவிலிருந்தா என்றார். ஆமாம் என்றேன். அவர் போர்டைக் கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்த மூன்றாவது சிப்பின் மேலிருந்த கறுப்பு டேப் ஓரம் பிசுபிசுத்து, தூசி பிடித்து, பார்க்க அழுக்காகத்தான் இருந்தது. நகத்தால் உரித்துக் குப்பையில் போட்டார். அடியில் சின்னதாக வட்டக் கண்ணாடி ஜன்னல் ஒன்று மின்னியது. "பாரேன், எவ்வளவு அழகா இருக்கு, இதைப் போய் மூடி வெச்சிருக்காரே" என்றார். எனக்கும் அழகாகத்தான் தெரிந்தது. பிறகு பெட்டிக்குள் வைத்துக் கதவை மூடினார். அன்றைக்கு மூன்று முறை போதவில்லை. நரேலா அல்லவா. விருந்தாளிகளுக்கான சமையல் முடிகிறவரை, 'டிங்' கேட்கும்போதெல்லாம் சமையலறையிலிருந்து வந்து மறுபடி மறுபடி பட்டனைத் தட்டிவிட்டுப் போனார். நான் பால்கனியில் நின்றிருந்தேன். போர்டு ஊதாவில் குளித்துக்கொண்டிருந்தது.

பிறகு அதை எந்திரத்தில் பொருத்தினேன். முதலாளி வந்தார்; அவர் ஷூவோடு உள்ளே வந்தார். மகன் டேப்லெட்டில் வந்தார். செயலாளர் வந்து, இது தமிழுக்கே பெருமை என்று தொடங்கி, பஜ்ஜித் தட்டு வந்ததும் சுருக்கமாக முடித்தார். அதிகாரி எழுந்து நின்று, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, இந்தியில் ஒரு முன்னுரை வழங்கினார். முதலாளி 'அச்சா, அச்சா' என்று கேட்டுக்கொண்டே மணியைப் பார்த்தார். அதிகாரி ஸ்விட்சைப் போட்டார்.

மின்விசிறி சுழன்றது. சிவப்பு விளக்கு எரிந்தது. லேப்டாப் திரையில் ஒன்றும் வரவில்லை.

அணைத்துப் போட்டார். வரவில்லை. கம்பியைப் பிடுங்கிச் சொருகினார். இரண்டு கம்பியையும் மாற்றிப் போட்டும் பார்த்தார், பழைய அந்தஸ்துப்படி. வரவில்லை. பஜ்ஜி ஆறிக்கொண்டிருந்தது. அந்தக் கறுப்புத் திரையில் எழுத்து வராத ஒவ்வொரு நிமிஷமும் என் வேலை போய்க்கொண்டிருப்பது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

அதிகாரி பெட்டியைத் திறந்தார். கண்ணாடியை மூக்கின் நுனிக்குத் தள்ளி உள்ளே பார்த்தார். அந்த மூன்றாவது சிப்பின் மேல் அவர் பார்வை நின்றது. கட்டைவிரலை எடுத்து, வெறுமனே இருந்த அந்தச் சின்னக் கண்ணாடி ஜன்னலை மூடினார். பிறகு ஹால் மூலையில் இருந்த அம்மையாரின் பெட்டியைப் பார்த்தார். பிறகு யாரையும் பார்க்கவில்லை.

அவருக்குத் தெரிந்துவிட்டது. அவர் தெரியாதவர் இல்லை. அந்தச் சிப்பில் தன் கையால் எழுதியவர், அந்த டேப்பைத் தன் கையால் ஒட்டியவர்.

"ஸ்டேட்டிக்" என்றார் நிமிர்ந்து. "தம்பி கையிலேர்ந்து ஸ்டேட்டிக் பாஞ்சிருக்கு. இந்தக் காலத்துப் பசங்களுக்கு இதை எப்படிக் கையாளணும்னு சொல்லித் தரதில்லை."

எல்லோரும் என் கையைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். அந்தக் கட்டைவிரல் கண்ணாடியை மூடியதைப் பார்த்தவுடன்தான் எனக்கும் பொறி தட்டியிருந்தது. பாலிடெக்னிக் தேர்வில் அது ஒரு கேள்வி. பதில் எழுதி முழு மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். மதிப்பெண் வாங்கிய அதே ஆள்தான் பால்கனியில் நின்று, பதில் கண்ணுக்கு முன்னால் ஊதாவாக எரிவதை வேடிக்கை பார்த்துக்கொண்டும் இருந்தேன். எங்களுக்குக் கொடுத்த படிப்பு அப்படி.

"சார்" என்றேன். குரல் எதிர்பார்த்ததைவிடப் பெரிதாக வந்துவிட்டது. "இந்த சிப்புல எழுதுனத எத வச்சி அழிப்பாங்க சார்? எங்களுக்கு ரெண்டு மார்க் கேள்வில வரும்."

அதிகாரி வாயைத் திறக்கவில்லை. டேப்லெட் திறந்தது. மகனுக்கு அவ்வளவு நேரம் பேச வாய்ப்பே கிடைக்கவில்லை. வினாடி வினாவில் மணியடிப்பவர் போல முந்திக்கொண்டார்.

"அல்ட்ரா வயலெட்ப்பா! அந்த ஜன்னல் வழியா கொஞ்ச நேரம் காட்டினா மொத்தமும் காலி. ஏன், யாராவது காட்டிட்டேளா?"

சமையலறையில் குழாய்த் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. அம்மையார்தான் முதலில் பேசினார்.

"அது கிருமியைத்தான் கொல்லும்னு போட்டிருந்தது" என்றார். "எழுதினதையும் அழிக்கும்னு போடலியே. என்னைக் கேட்டா? கோவில் தேங்காயைக்கூடத்தான் அதுல வெக்கறேன்."

அவர் குரலில் குற்ற உணர்ச்சி இல்லை. ஏமாற்றப்பட்ட நுகர்வோரின் கோபம் இருந்தது. மகன் சிரித்து, பிறகு நிலைமை புரிந்து, சத்தத்தை அணைத்துக்கொண்டார். வாய் மட்டும் அசைந்துகொண்டிருந்தது. நான்கைந்து முகங்கள் தமிழில் உறைந்து போயிருப்பதைப் பார்த்த முதலாளி, என்ன ஆயிற்று என்று இந்தியில் கேட்டார். செயலாளர் தமிழர் மானத்தைக் காப்பதில் அனுபவசாலி. ஒரு கணமும் தயங்காமல், "மௌசம், ஜி" என்றார். பருவநிலையாம். முதலாளி ஜன்னலுக்கு வெளியே இருந்த பருவநிலையை ஒரு தடவை பார்த்தார். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "லட்கா தேஜ் ஹை" என்றார்.

பையன் கெட்டிக்காரன் என்று அர்த்தம். அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு நான் கொஞ்சம் நிமிர்ந்தும் நின்றேன். கண்ணாடி அலமாரியைத் துடைக்கக் கெட்டிக்காரனை யாரும் தேட மாட்டார்கள் என்பது படி இறங்கும்போதுதான் உறைத்தது.

திரும்பும் வழியில் அம்மா என்னைத் திட்டித் தீர்த்தார். வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் என்ன, கையில் ஸ்டேட்டிக் என்றால் ஆமாம் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தால் என்ன, கேள்வி கேட்கவா உன்னைப் படிக்க வைத்தேன் என்றார். மெட்ரோ பெட்டியே திரும்பிப் பார்த்தது. கொஞ்ச நேரம் கழித்து, சூடு தணிந்த பிறகு கேட்டார்.

"ஆமா, ஸ்டேட்டிக்குன்னா இன்னாடா?"

"கையில கரண்ட் இருக்குதாம்மா. அது பாஞ்சி கெட்டுப்போச்சாம்."

அம்மா தன் கையைத் திருப்பிப் பார்த்தார். சோப்புத் தண்ணீரில் ஊறி வெளுத்திருந்தது. "கேம்ப்புல பாதி நாளு கரண்டே இல்லாம கெடந்தோம்" என்றார். "கையில இருந்திச்சாமா." சிரிக்க ஆரம்பித்தவர் அடுத்த ஸ்டேஷன்வரை நிறுத்தவில்லை.

ஆனாலும் மறுநாள் வேலைக்குப் போனார். அதிகாரி அந்த ஒரு வார்த்தையை இன்னும் சொல்லக்கூடும் என்ற நம்பிக்கை அவரை விடவில்லை. அதற்கடுத்த வாரமும் போனார். நான்தான் போகவில்லை.

அந்த எந்திரம் கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்று போகலில் கேள்விப்பட்டேன். எங்கள் கடைக்கு உதிரி பாகம் வாங்க வருகிற கல்லூரி மாணவன் ஒருவன் சொன்னான். அவன்தான் அதை ஓட வைத்தானாம். தீப்பெட்டி அளவில் இப்போதைய போர்டு ஒன்றை வாங்கி, பழைய பச்சைப் போர்டுக்கு அடியில் டேப் போட்டு ஒட்டி, கம்பியை அதற்கு மாற்றிவிட்டிருக்கிறான். இப்போது ஸ்விட்சைப் போட்டதும் திரையில் VANAKKAM என்று இரண்டு K-யோடு வருகிறது. 8085 மேலே சும்மா உட்கார்ந்திருக்கிறது. சீரியல் சிப்புக்கும் வேலை இல்லை. இரண்டும் பென்ஷன் வாங்குகிற மாதிரி கண்ணாடிக்குள் இருக்கின்றன. 'தமிழ் பேசிய முதல் கம்ப்யூட்டர், அசல் நிலையில்' என்று பித்தளைப் பலகை வைத்திருக்கிறார்களாம். சால்வை அதிகாரிக்குப் போர்த்தப்பட்டது. துடைக்கிற வேலைக்கு முதலாளியின் டிரைவருக்கு வேண்டிய பையன் ஒருவன் வந்துவிட்டான். அவன் தேஜ் இல்லை என்று விசாரித்து எடுத்திருப்பார்கள்.

இதை நான் அம்மாவிடம் சொல்லவில்லை. அதிகாரியே சொன்னார். அம்மா காபி டம்ளர்களைத் தேய்த்துக்கொண்டிருக்கும்போது வந்து நின்று, அந்தக் கல்லூரியில் ஆள் போட்டுவிட்டார்கள், தம்பிக்கு வேறு ஏதாவது பார்க்கலாம் என்று பொதுவாகச் சொல்லியிருக்கிறார். அம்மா சரிங்கய்யா என்றாராம். மீதிப் பாத்திரத்தையும் தேய்த்து, துடைத்து, கவிழ்த்து வைத்துவிட்டு வந்தார். மறுநாள் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை.

அம்மையார் போன் செய்தார். ஸ்பீக்கரில்தான் பேசினார்கள், அம்மாவுக்கு வேறு மாதிரி பேசத் தெரியாது. உடம்புக்கு என்ன, சம்பளம் போதவில்லையா, தீபாவளிக்குப் புடவை எடுத்து வைத்திருக்கிறேனே என்றெல்லாம் கேட்டுவிட்டு, கடைசியில் அம்மையார் சொன்னார்: "இதோ பாரு, உன் பையன் விஷயம் வேற, பாத்திரம் வேற. ரெண்டையும் கலக்காதே."

அம்மா கொஞ்சமும் கோபப்படவில்லை. "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்கம்மா" என்றார். "நரேலாவுலேந்து வர்றதுக்குள்ள பொழுது சாய்ஞ்சிடுது." பொய்யில்லை. முதல் நாளிலிருந்தே அது உண்மையாகத்தான் இருந்தது.

அதற்கப்புறம் நடந்தது அதே கட்டிடத்தில் மேல்மாடியில் வேலை செய்யும் பெண் சொல்லித் தெரியும். அக்கம்பக்கத்தில் ஆள் கிடைக்கவில்லை. கேம்ப் இருந்தவரை கூப்பிடு தூரத்தில் ஆயிரம் கைகள் இருந்தன; அதை இடித்தபோது இப்போதாவது நாலா என்கிற அந்தச் சாக்கடைக் கால்வாயின் நாற்றம் குறையும் என்று சந்தோஷப்பட்ட வீடுகள் எல்லாம் இப்போது பாத்திரம் தேய்க்க ஆள் தேடி வாசலுக்கும் கேட்டுக்கும் நடக்கின்றன. அதிகாரி வீட்டில் கொஞ்ச நாள் காகிதத் தட்டில் சாப்பிட்டுப் பார்த்தார்கள். ஒரு வாரம் அதிகாரியே தேய்த்தாராம். ஒவ்வொரு டம்ளருக்கும் ஒரு முன்னுரை வழங்கியிருப்பார். முடிவில் ஏஜென்சிக்குப் போனார்கள். ஜார்கண்டிலிருந்து ஒரு பெண்ணை அனுப்பினார்கள். அவள் வாசலிலேயே தன் பையைக் கொடுக்க மறுத்துவிட்டாள். பெட்டிக்குள் வைப்பதென்றால் திரும்பிப் போகிறேன், ஏஜென்சியில் பேசிக்கொள்ளுங்கள் என்றாள். பை பெட்டிக்குள் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை லீவு. பாத்திரம் தனி, தரை தனி. ஏஜென்சிக்குக் கமிஷன் பதினெட்டாயிரம், அது போக மாதம் பதினான்காயிரம் ரூபாய்.